பார்க்கப்படுபவள், கேட்பவன்: இசை இதழ்களின் வடிவமைப்பு அரசியல்

இசையைக் காகிதத்தில் அச்சடிக்க முடியாது. ஓவிய இதழ் ஓவியத்தையே காட்டிவிடலாம். இலக்கிய இதழ் கவிதையையே அச்சிட்டுவிடலாம். ஒரு பாடலைப் பற்றி ஆயிரம் சொற்கள் எழுதினாலும் பக்கத்திலிருந்து ஒலி வராது. எனவே இசை இதழ் தன்னிடம் இல்லாத ஒன்றை விற்றாக வேண்டிய பண்டம். ஒலி இல்லாத அந்த இடத்தைப் படத்தாலும் எழுத்துருவாலும் நிறத்தாலும் எண்களாலும் நிரப்புகிறது. இசையை உருவாக்குபவர் யார், அதைப் புரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்பவர் யார், மயங்கி நிற்பவர் யார் என்பதை, வாசகி ஒரு வரி படிப்பதற்கு முன்பே பக்கம் சொல்லி முடித்துவிடுகிறது.

வடிவமைப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'வாசகரைக் கவர்வது' என்ற சொல்லோடு நின்றுவிடும். எந்த வாசகரை என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே எங்கோ காத்திருக்கும் கூட்டத்தை வடிவமைப்பு தேடிப் பிடிக்கிறது என்ற நினைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. நடப்பது வேறு. இதழ் தனக்கு வேண்டிய வாசகரைத் தன் பக்கத்தின் வழியாகவே உருவாக்குகிறது. வேண்டாதவருக்கு 'இது உன் இடமில்லை' என்று சொல்லாமல் சொல்கிறது. அப்படி வாசலில் நிறுத்தப்பட்டவர்களில் பெண்களே அதிகம். இதைப் பேச அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்கள் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ராக், பாப் இசை பற்றி ஆங்கிலத்தில் எழுதும் தளங்கள் இன்றும் கையாளும் அட்டைப்படம், பட்டியல், மதிப்பெண் ஆகியவற்றின் இலக்கணம் பெரும்பாலும் இவற்றில் உருவானதுதான்.

செய்தித்தாள் வேடம்

பாப் இசையின் முதல் பெருங்கூட்டம் சிறுமிகளும் இளம்பெண்களும். பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை வாங்கியவர்களில், அரங்குகளில் தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவர்களே முன்னால் நின்றார்கள். அவர்களுக்கென்று அமெரிக்காவில் 'சிக்ஸ்டீன்' என்ற இதழ் இருந்தது. 1958 முதல் 1975 வரை அதன் ஆசிரியராக இருந்தவர் குளோரியா ஸ்டேவர்ஸ் என்ற பெண். அவரே பல கலைஞர்களைப் படமும் எடுத்தார். பளிச்சென்ற நிறங்கள், வெட்டி ஒட்டிய முகங்கள், ஆச்சரியக்குறிகள், பாடகருக்குப் பிடித்த உணவும் நிறமும் பற்றிய தகவல்கள், போட்டிகள் என்று அதன் பக்கங்கள் நெரிசலாக இருக்கும். தன் வாசகி யார் என்பதில் அந்த இதழுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

1967 நவம்பர் 9 தேதியிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழ் வந்தது. தொடங்கியவர்கள் யான் வென்னரும் இசை விமர்சகர் ரால்ஃப் கிளீசனும். அட்டையில் ஒரு திரைப்படத்துக்காகப் படைவீரர் உடையணிந்த ஜான் லெனன். இதழின் பெயரை வரைந்தவர் ரிக் கிரிஃபின். வளைந்து நெளியும் எழுத்துகள் கொண்ட சைகடெலிக் போஸ்டர்களுக்குப் பேர்போனவர். ஆனால் பெயருக்குக் கீழே இருந்த பக்கம் அடக்கமான செய்தித்தாள். செய்தித்தாள் காகிதம், செய்தித்தாள் மடிப்பு, நேரான பத்திகள். வென்னர் முன்பு வேலை பார்த்த 'சண்டே ராம்பார்ட்ஸ்' என்ற ஏட்டின் தோற்றத்தை ஒட்டியே அது அமைந்தது.

செலவைக் குறைக்க எடுத்த முடிவு என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு தோற்றம் என்ன காரணத்தால் வந்தது என்பது வேறு, அது என்ன வேலை செய்தது என்பது வேறு. செய்தித்தாளின் தோற்றம், இங்கே இருப்பது தகவல், கருத்து, வரலாறு என்று அறிவித்தது. 'சிக்ஸ்டீன்' போன்ற இதழ்களின் நெரிசலும் நிறமும் ஆச்சரியக்குறியும் 'ரசிகத்தனம்' ஆயின. கறுப்பு வெள்ளைப் பத்தி 'விமர்சனம்' ஆனது. இரண்டு இதழ்களும் பேசியது ஏறத்தாழ ஒரே கலைஞர்களைப் பற்றித்தான். இசையைப் பற்றி அறிவோடு பேச வேண்டுமானால் சிறுமி போலத் தோன்றாத ஒரு பக்கம் வேண்டும் என்பது அப்போது பழகிய பழக்கம். இன்றும் பெண்கள் அதிகம் விரும்பும் ஓர் இசைக்குழுவின் பெயரைச் சொன்னால் 'அது சின்னப் பெண்கள் கேட்பது' என்று உதடு சுழிப்பதில் அதன் மிச்சம் இருக்கிறது.

1969 பிப்ரவரியில் 'ரோலிங் ஸ்டோன்' இசைக்குழுக்களைப் பின்தொடரும் பெண்களைப் பற்றி ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. பேரன் வுல்மன் எடுத்த அந்த உருவப்படங்கள் அழகானவை. அந்தப் பெண்களின் உடையும் நிமிர்வும் தன்னம்பிக்கையும் அவற்றில் தெரியும். அவற்றில் கேலி இல்லை. ஆனாலும் ஓர் இசை இதழ் பெண்களுக்குத் தன் பக்கங்களை அவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்ட அந்தத் தருணத்தில், அவர்கள் இசைக்கலைஞர்களாகவோ கேட்பவர்களாகவோ வரவில்லை. இசைக்கலைஞர்களைச் சுற்றி நிற்பவர்களாக வந்தார்கள். அவர்கள் மதிக்கப்பட்டார்களா என்பதைக் காட்டிலும் எந்த இடத்தில் நிறுத்தி மதிக்கப்பட்டார்கள் என்பதே இங்கு நாம் கேட்க வேண்டியது.

அட்டையில் ஒரு பெண்

அட்டைப்படம்தான் இதழின் கடை வாசல். 'ரோலிங் ஸ்டோன்' அட்டைகளின் தோற்றத்தைத் தீர்மானித்தவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்: 1973இல் தலைமைப் புகைப்படக் கலைஞரான ஆனி லீபோவிட்ஸ். அவர் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படம், 1981 ஜனவரி 22 இதழின் அட்டையாக வந்தது. நிர்வாணமான ஜான் லெனன், உடையோடு படுத்திருக்கும் யோகோ ஓனோவைக் குழந்தைபோலக் கட்டிக்கொண்டிருக்கிறார். படம் எடுத்த சில மணி நேரத்தில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயரைத் தவிரத் தலைப்புகள் ஏதும் வைக்கப்படவில்லை. 2005இல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம் கடந்த நாற்பது ஆண்டுகளின் தலைசிறந்த அட்டையாக இதைத் தேர்ந்தெடுத்தது.

இந்த அட்டையைத் துக்கத்தின் சின்னமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். பெண்ணாகப் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. வழக்கமாக அட்டையில் உடை களைவது பெண். கறுப்பு உடையில் நிதானமாக இருப்பது ஆண். இங்கே அது தலைகீழாகிவிட்டது. லெனனை மட்டும் படமெடுக்க வேண்டும் என்பதுதான் இதழின் விருப்பம். மனைவியோடு சேர்ந்தே வருவேன் என்று அவர் வற்புறுத்தினார். வரவேண்டாம் என்று நினைக்கப்பட்ட பெண் வந்ததால்தான் அந்த இதழின் வரலாற்றில் மிகச் சிறந்த அட்டை கிடைத்தது.

அது விதிவிலக்கு. விதியைப் பார்க்க 1993 செப்டம்பரில் வந்த ஜேனட் ஜாக்சன் அட்டையை எடுக்கலாம். பாட்ரிக் டெமார்ஷலியே எடுத்த படம்: மேலுடை இல்லாத ஜேனட், அவர் மார்புகளைப் பின்னாலிருந்து மறைக்கும் ஓர் ஆணின் கைகள். இதை 'ஆபாசம்' என்று திட்டுவது எளிது. அது நம் வேலையும் இல்லை. அந்த ஆண்டு வெளியான ஆல்பத்தில் தன் காம விருப்பத்தைத் தானே பாட எடுத்துக்கொண்டவர் ஜேனட். அந்தப் படத்தைத் தன் விடுதலையின் அறிவிப்பாக அவர் கருதியிருக்க முழு உரிமை உண்டு. கறுப்பினப் பெண் ஒருவர் தன் உடல்மீது வெட்கமில்லாமல் நிற்பதற்கு அமெரிக்காவில் தனி அர்த்தமும் உண்டு. ஆனால் பாடல்களை எழுதி, தயாரிப்பிலும் பங்கெடுத்த ஒருவரின் கைகள் படத்தில் எங்கே? அவை தலைக்கு மேலே உயர்ந்து செயலற்று இருக்கின்றன. படத்தில் வேலை செய்யும் கைகள் முகம் தெரியாத ஆணுடையவை. நிர்வாணத்தில் எனக்குப் புகார் இல்லை. என் புகார் வேலை செய்யும் கைகள் காணாமல் போனதில்.

1997இல் 'ரோலிங் ஸ்டோன்' தன் முப்பதாம் ஆண்டுச் சிறப்பிதழை ராக் இசைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அட்டையில் டீனா டர்னர், மடோனா, கோர்ட்னி லவ் மூவரும் தோளணைத்துச் சிரிக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியான அட்டை. ஆனால் மூவரின் இசைக்கும் இடையில் இருக்கும் பொதுத்தன்மை என்ன? பெண் என்பதைத் தவிர அவர்களை ஒன்றாக நிறுத்த வேறு காரணம் சொல்வது கடினம். 'ராக் இசை ஆண்கள்' என்று ஒரு சிறப்பிதழ் வருவதில்லை. மற்ற இதழ்களெல்லாம் அதுதான். மகளிர் தினத்துக்கு மகளிர் மலர் போடும் பத்திரிகைகளை அறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை. சிறப்பிதழ் ஒரே நேரத்தில் மாலையும் வேலியும் ஆகிறது.

வரைபடமும் பட்டியலும்

வடிவமைப்பு என்றால் படம் மட்டும் இல்லை. கட்டம், அம்பு, எண் வரிசை ஆகியவையும் வடிவமைப்புதான். அவை படத்தைவிட ஆபத்தானவை. ஏனென்றால் அவை கருத்தாகத் தோன்றாமல் தகவலாகத் தோன்றும்.

ஜோனி மிட்செல் 1971இல் 'ப்ளூ' ஆல்பத்தை வெளியிட்டார். தன் காதலையும் தனிமையையும் அவ்வளவு நேராகப் பாடிய ஆல்பங்கள் அதற்கு முன் குறைவு. அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்' அவருக்கு ஒரு கேலிப் பட்டம் கொடுத்தது. ராக் உலகின் கொச்சைப் பேச்சில் ஆண்கள் தங்கள் காதலியை, பெண்டாட்டியைக் குறிக்கும் சொல்லால் அமைந்த ஓர் 'ஆண்டு விருது'. 1972இல் அவருக்கும் இசையுலக ஆண்களுக்கும் இடையிலான காதல் உறவுகளைக் கோடிட்டுக் காட்டும் ஒரு வரைபடத்தையும் அச்சிட்டது. மிட்செல் பல ஆண்டுகள் அந்த இதழுக்குப் பேட்டி கொடுக்கவில்லை.

அந்த வரைபடத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதே செய்தியை ஒரு பத்தியாக எழுதியிருந்தால் யாரோ ஒருவர் அதற்குப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று வாசகர் எதிர்வாதம் செய்திருக்கலாம். கோடுகளுக்கு எழுதியவர் கிடையாது. ஆராய்ச்சிபோல, நகரப் பேருந்துத் தட வரைபடம்போல அது கிடக்கும். ஒரு பாடலாசிரியையின் இசை உறவுகளை வரைந்திருந்தால் அதே ஆண்களின் பெயர்கள் சக கலைஞர்களாக வந்திருக்கும்: யார் யாருடைய பாடலில் வாசித்தார், யார் யாருக்குப் பாடல் கொடுத்தார் என்று. அதே பெயர்கள், அதே கோடுகள். தலைப்பு மட்டும் வேறு. எந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

மிட்செலின் கதை பட்டியலிலும் தொடர்கிறது. 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களை வரிசைப்படுத்தியது. முதல் பத்தில் ஒரு பெண்கூட இல்லை; பாதிக்கு மேல் பீட்டில்ஸும் பாப் டிலனும். 'ப்ளூ' 30ஆம் இடத்தில் இருந்தது. 2020இல் வாக்களிப்போர் வட்டத்தைப் புதுப்பித்து, விரித்து மீண்டும் பட்டியலிட்டபோது அது 3ஆம் இடத்துக்கு வந்தது. முதல் பத்துக்குள் பெண் குரல்கள் ஒலிக்கும் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்', லாரின் ஹில்லின் ஆல்பம் ஆகியவையும் வந்தன. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் 'ப்ளூ' ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது எண்ணுகிறவர்கள். ஆனால் 2003இன் பக்கத்தைப் பார்த்தவருக்கு 30 என்பது யாரோ சிலரின் ருசியாகத் தெரிந்திருக்காது. அளந்து சொன்ன உயரம்போலத் தெரிந்திருக்கும்.

2023இல் யான் வென்னர் தான் எடுத்த பேட்டிகளின் தொகுப்பை வெளியிட்டார். 'ஆசான்கள்' என்று பொருள்படும் தலைப்பு. உள்ளே ஏழு ஆண்கள், எழுவரும் வெள்ளையர். பெண்களையும் கறுப்பினத்தவரையும் ஏன் சேர்க்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, அந்த அறிவுத் தளத்தில் பேசும் ஆற்றல் அவர்களிடம் போதவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ஜோனி மிட்செலையும் பெயர் சொல்லி விலக்கினார். அதையடுத்து, தானே தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த ராக் இசைப் புகழரங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்; பின்னர் மன்னிப்பும் கேட்டார். பலர் அதிர்ச்சியடைந்தார்கள். 1972இன் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அவர் 2023இல் வாயால் சொன்னதை இதழின் பக்கங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வரைந்து காட்டிவிட்டன.

புள்ளிக்குப் பின் ஓர் எண்

இணையத்துக்கு வருவோம். 1990களின் நடுவில் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் மினியாபொலிஸில் தொடங்கிய 'பிட்ச்ஃபோர்க்' தளத்தின் அடையாளம் அதன் மதிப்பெண். ஐந்து நட்சத்திரங்களை அது கைவிட்டு, 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு எண் கொடுத்தது. 7.8க்கும் 7.9க்கும் என்ன வேறுபாடு என்று யாராலும் கேட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் புள்ளி ஒரு மாயம் செய்கிறது. நட்சத்திரம் ருசியைச் சொல்வது. தசமம் பரிசோதனைக்கூடத்தில் அளந்ததுபோல நிற்பது. விமர்சனத்தின் தலைமாட்டில் பெரிதாக அந்த எண்ணை வைத்ததால், பலர் எண்ணைப் பார்த்துவிட்டு விமர்சனத்தைப் படிக்காமலே போகலாம். சுடச்சுடச் சண்டை போடவும், நண்பர்களுக்குள் மேற்கோள் காட்டவும் எண் வசதியானது. கிரிக்கெட் சராசரிகளை மனப்பாடம் செய்து வாதாடும் பையன்களின் உலகம் எப்படி இயங்குகிறதோ, அப்படி ஓர் உலகத்தை இசைக்கு அது கட்டிக்கொடுத்தது.

லிஸ் ஃபேர் 1993இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற ஆல்பம் ஒன்றுக்குப் பாடலுக்குப் பாடல் பதில் என்று சொன்னவர். ஆண்களின் ராக் இசைக்கு உள்ளிருந்தே சவால் விட்டவர். 2003இல் தன் பெயரிலேயே அவர் வெளியிட்ட ஆல்பம் வானொலிக்கு ஏற்ற பளபளப்பான பாப் இசையாக இருந்தது. 'பிட்ச்ஃபோர்க்' அதற்குக் கொடுத்த மதிப்பெண் 0.0. ஆல்பம் பிடிக்காமல் போகலாம். ஆனால் பூஜ்யம் பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நிற்காமல், இப்படி ஒன்று இருக்கவே கூடாது என்கிறது. 'எங்கள் பெண்' என்று ஏற்றுக்கொண்ட ஒருத்தி பாப் பக்கம், அதாவது சிறுமிகளின் பக்கம், போய்விட்டாள் என்ற கோபம் அந்த இரண்டு பூஜ்யங்களுக்குள் இருக்கிறது. அந்த விமர்சனத்தை எழுதியவர் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2021இல் தளம் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது அது 6.0 ஆனது.

எண் கொடுப்பது ஓர் அதிகாரம் என்றால், எண்ணே கொடுக்காமல் விடுவது இன்னும் பெரிய அதிகாரம். டெய்லர் ஸ்விஃப்ட் 2014இல் வெளியிட்ட '1989' ஆல்பத்தை அந்தத் தளம் அப்போது விமர்சிக்கவில்லை. 2015இல் ரயன் ஆடம்ஸ் என்ற ஆண் பாடகர் அதே ஆல்பத்தின் பாடல்களை முழுமையாகத் தன் பாணியில் பாடி வெளியிட்டபோது, அதற்கு விமர்சனம் வந்தது. ஸ்விஃப்ட்டின் மூல ஆல்பத்துக்கு இடம் கிடைத்தது 2019இல். ஒரு பெண் எழுதிய பாடல் ஓர் ஆணின் தொண்டை வழியாக வந்த பிறகே பேசத்தக்க பொருளாகியது.

அந்த ஆண்டு, அதாவது 2015இல், 'பிட்ச்ஃபோர்க்' தளத்தைக் காண்டே நாஸ்ட் நிறுவனம் வாங்கியது. இதனால் இளம் ஆண் வாசகர்களின் கூட்டம் தங்களுக்குக் கிடைக்கிறது என்று நிறுவனத்தின் உயர் அதிகாரி பெருமையாகச் சொன்னார். வடிவமைப்பு கவர்வது யாரை என்ற கேள்விக்கு இவ்வளவு நேர்மையான பதில் அபூர்வம். விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு இசை இல்லை, வாசகர்தான். அந்த வாசகரின் பாலினம் விலைச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

மைக்கும் மிக்ஸிங் போர்டும்

இனி படங்களில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். கிட்டார் இதழ்களில் பெண் பல காலம் கிட்டாரோடுதான் வந்தாள். ஆனால் வாசிக்க இல்லை. 'கிட்டார் வேர்ல்ட்' இதழ் வெளியிட்ட கருவி வாங்குவோர் வழிகாட்டிகளின் அட்டையில் நீச்சலுடை அணிந்த மாடல்கள் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னர் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் கருவி வாங்கலாமா என்று அந்த வழிகாட்டியைப் புரட்டிய பெண்ணுக்குக் கிடைத்த செய்தி தெளிவானது: கிட்டார் வாங்குபவன் அவன், கிட்டாரோடு காட்சிக்கு வைக்கப்படுபவள் நீ.

இதைவிட நுட்பமான பிரிவினை மைக்குக்கும் மிக்ஸிங் போர்டுக்கும் இடையில் இருக்கிறது. பெண் மைக்கின் முன் நிற்கும் படம் எளிதில் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் விசைப்பலகைகளுக்கும் கணினிக்கும் முன் உட்கார்ந்து ஒலியைக் கட்டும் பெண்ணின் படம் அரிது. குரல் உடலிலிருந்து தானாக வருவதாக நம்பப்படுகிறது. ஒலிக்கட்டுமானம் மூளையின் வேலையாகக் கருதப்படுகிறது. படங்கள் இந்த நம்பிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் ஆண் கூட்டாளிக்குப் படைப்பாளி என்ற பெயர் தானாகப் போய்ச் சேர்கிறது.

ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, மாதங்கி மாயா அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ. இதை நேரடியாக எதிர்த்தார். லண்டனில் கலைக்கல்லூரியில் படித்த அவர், பாடுவதற்கு முன்பே ஸ்டென்சில் ஓவியங்களால் அறியப்பட்டவர். தன் ஆல்பங்களின் காட்சி வடிவத்திலும் அவர் கை உண்டு. முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப்பெயரான 'அருளர்' என்றும் அடுத்ததற்குத் தாயின் பெயரான 'கலா' என்றும் பெயரிட்டார். ஒலி, உடை, நிறம், எழுத்து எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும் ஒருவருக்குப் பின்னால் யாரோ ஓர் ஆண் தயாரிப்பாளர் இருந்து இயக்குவதாகவே இசை ஊடகங்கள் எழுதின. 2007இல் 'பிட்ச்ஃபோர்க்' தளத்துக்குக் கொடுத்த பேட்டியில், அந்தத் தளம் உட்பட எல்லோரும் தன் உழைப்பை டிப்லோ என்ற தயாரிப்பாளரின் கணக்கில் எழுதியதை அவர் கேள்வி கேட்டார். அகதியாக வந்த ஒரு தமிழ்ப் பெண்ணால் இவ்வளவு புதிய ஒலியை யோசிக்க முடியும் என்று நம்புவதற்கு அந்த உலகத்திடம் படமே இல்லை.

2015இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அதே தளத்துக்குக் கொடுத்த பேட்டியில் எம்.ஐ.ஏ.வை நினைவுகூர்ந்து, தனக்கும் அதுவே நடந்ததைச் சொன்னார். பல ஆண்டுகள் தானே உட்கார்ந்து உருவாக்கிய இசை, உடன் வேலை செய்த ஆண்களின் படைப்பாக எழுதப்பட்டது. மிஸ்ஸி எலியட் மிக்ஸிங் போர்டு முன் இருக்கும் படத்தைப் பார்த்தபோது எங்கே கோளாறு என்று தனக்குப் புரிந்ததாகச் சொன்னார்: தான் அப்படி உட்கார்ந்திருக்கும் படங்களை யாரும் பார்த்ததில்லை. அதையொட்டி, மின்னணு இசையில் இயங்கும் பெண்களின் கூட்டமைப்பான 'ஃபீமேல் பிரஷர்', கருவிகளோடும் கணினிகளோடும் வேலை செய்யும் பெண்களின் படங்களை இணையத்தில் சேகரிக்கத் தொடங்கியது. அழகான படங்கள் என்று சொல்ல முடியாது. வயர்கள் குவிந்த மேசைகள், களைத்த முகங்கள். ஆனால் ஜேனட் ஜாக்சன் அட்டையில் தேடிக் கிடைக்காத கைகள் அங்கே இருந்தன.

கத்தரிக்கோலும் பசையும்

வேறு மாதிரிப் பக்கங்கள் சாத்தியமா என்று கேட்டால், இருந்திருக்கின்றன. 1978இல் பிரிட்டனில் நிக் லோகன் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாடல் வரிகளை முழுதாக அச்சிட்டது, நடுப்பக்கத்தில் போஸ்டர் கொடுத்தது, பாடகர்களைச் செல்லமாகக் கிண்டலடித்தது. 'தீவிர' இசை இதழ்கள் அதை விளையாட்டாகவே பார்த்தன. ஆனால் வரிகளை அச்சிடும் பக்கம் வாசகியிடம் 'பாடு' என்கிறது. மதிப்பெண் போடும் பக்கம் 'நாங்கள் சொன்னதைக் கேள்' என்கிறது. ஏஞ்சலா மக்ராபியும் ஜென்னி கார்பரும் 1970களில், இளைஞர் பண்பாட்டைத் தெருவில் மட்டுமே தேடும் ஆய்வாளர்கள் பெண்களைக் காணாமல் விடுகிறார்கள் என்று எழுதினார்கள். பெண்களின் இசைவாழ்க்கை படுக்கையறையில், தோழிகளோடு, சுவரில் ஒட்டிய படங்களுக்கு நடுவில் நடந்தது என்று காட்டினார்கள். வெளியே இரவில் திரிய அனுமதி இல்லாதவளுக்கு அந்தச் சுவரே மேடை. நடுப்பக்கப் போஸ்டர் அந்தச் சுவருக்காக அச்சடிக்கப்பட்டது. அதில் ஆணைப் பார்ப்பவள் பெண் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதிலும் சிக்கல் இருக்கிறது. அவளை வாடிக்கையாளராக மதித்த இதழ், அவளும் ஒரு குழு தொடங்கலாம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரை மையமாகக் கொண்டு எழுந்த 'ரயட் கேர்ள்' இயக்கத்தின் கையேடுகள். டோபி வேலின் 'ஜிக்சா', 'பிகினி கில்' குழுவினரின் கையேடு போன்றவை கத்தரிக்கோல், பசை, தட்டச்சு, கையெழுத்து, ஜெராக்ஸ் இயந்திரம் ஆகியவற்றால் ஆனவை. கோணலான பத்திகளும் அடித்தல் திருத்தல்களும் அப்படியே இருந்தன. பளபளப்பான பக்கம் 'இதை உன்னால் செய்ய முடியாது' என்று சொல்லும். ஜெராக்ஸ் பக்கம் 'நாளைக்கே நீயும் செய்யலாம்' என்று சொல்லும். பெரிய ஊடகங்கள் தங்களை உடையாகவும் சிகையாகவும் சுருக்குவதைக் கண்டு, 1992இல் அந்த இயக்கத்தினர் பேட்டி கொடுப்பதையே நிறுத்திக்கொள்ளத் தீர்மானித்தார்கள். தங்கள் உருவத்தின்மீது தாங்களே உரிமை கொள்ளும் முயற்சி அது. பின்னாளில் டிரம்ஸ் வாசிக்கும் பெண்களுக்காக 2009இல் வந்த 'டாம் டாம்', கிட்டார் வாசிக்கும் பெண்களுக்காக 2012இல் வந்த 'ஷீ ஷ்ரெட்ஸ்' ஆகிய இதழ்கள் அந்த உரிமையைத் தேர்ந்த அச்சு வடிவில் தொடர்ந்தன. அவற்றில் கருவி அலங்காரப் பொருளாக வரவில்லை. வேலைக்கான பொருளாக வந்தது.

அட்டை கரைந்த பிறகு

இணையத்தில் அட்டை என்ற ஒன்று கரைந்துவிட்டது. யாரும் முகப்புப் பக்கத்தின் வழியாக மட்டும் வருவதில்லை. பகிரப்பட்ட இணைப்பின் வழியாக வருகிறார்கள். அதனால் ஒவ்வொரு கட்டுரையும் தனக்கென்று ஒரு குட்டி அட்டையைச் சுமக்கிறது: ஒரு சிறுபடம், ஒரு தலைப்பு. அந்தச் சிறுபடத்துக்குள் கருவி அடங்காது, கூடம் அடங்காது, உடன் வாசிப்பவர்கள் அடங்கமாட்டார்கள். முகமும் உடலும் அடங்கும். எதைச் சொடுக்குகிறார்கள் என்று ஒவ்வொரு நொடியும் எண்ணப்படுகிறது. எண்ணிக்கை அதிகம் வந்த மாதிரியே அடுத்ததும் தயாராகிறது. பிறகு 'வாசகர்கள் இதைத்தானே விரும்புகிறார்கள்' என்ற விளக்கம் வருகிறது. முன்பு ஆசிரியரின் தேர்வு என்று யாரையாவது கைகாட்ட முடிந்தது. இப்போது 1972இன் வரைபடத்தைப் போலவே, பொறுப்பேற்க யாருமில்லாத தகவலாக அது வருகிறது.

இதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. 2018இல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பூஜா படேல் 'பிட்ச்ஃபோர்க்' தளத்தின் தலைமை ஆசிரியரானார். ஸ்விஃப்ட்டின் பழைய ஆல்பங்களுக்கு இடம் கிடைத்ததும், லிஸ் ஃபேரின் பூஜ்யம் திருத்தப்பட்டதும் அவர் காலத்தில்தான். 2024 ஜனவரியில் காண்டே நாஸ்ட் அந்தத் தளத்தை 'ஜி.க்யூ.' இதழோடு இணைப்பதாக அறிவித்தது. படேலும் பல ஊழியர்களும் வெளியேறினார்கள். 'ஜி.க்யூ.' ஆண்களுக்கான நாகரிக இதழ். நிர்வாகக் கணக்கில் அது சிக்கனமாக இருக்கலாம். ஆனால் ஒரு பெண் ஆசிரியரின் கீழ் பெண்களின் இசைக்கும் பெண் விமர்சகர்களுக்கும் மெல்ல இடம் கொடுக்கத் தொடங்கிய தளம், 'ஆண்கள்' என்று பலகை தொங்கும் கட்டடத்துக்குள் ஓர் அறையாக மாற்றப்பட்டது. தளம் தொடர்கிறது. அங்கிருந்து வெளியேறிய சிலர் சேர்ந்து அதே ஆண்டு 'ஹியரிங் திங்ஸ்' என்ற, ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் தளத்தைத் தொடங்கினார்கள்.

இசையைப் பற்றிப் பேசும் பக்கத்தில் இடமில்லாதவளுக்கு இசையிலும் இடம் குறைகிறது. தன்னைப் போன்ற ஒருத்தி மிக்ஸிங் போர்டின் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திராத பெண் அந்த நாற்காலியைக் கேட்கத் தயங்குவாள். கேட்டாலும் கொடுப்பவர் தயங்குவார். அவள் உழைப்பு வேறொருவர் பெயரில் எழுதப்படும். பெயர் போகும் இடத்துக்கே பணமும் போகும். அடுத்த முறை ஓர் இசை இதழையோ தளத்தையோ திறக்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன் பக்கத்தைப் பாருங்கள். யார் கையில் கருவி இருக்கிறது? யார் பெயர் படக்குறிப்பில் இருக்கிறது? அந்த எண்ணைப் போட்டவர்கள் யார்? அந்தப் பக்கம் உங்களைக் கேட்பவராக உட்காரச் சொல்கிறதா, பார்க்கப்படுபவராக நிற்கச் சொல்கிறதா? நிற்கச் சொன்னால், கத்தரிக்கோலும் பசையும் இன்னும் மலிவாகத்தான் கிடைக்கின்றன.